சைக்கிள் சீட் ஹைட்டை மார்க் பண்ணி, திரும்ப அதே இடத்துல வைக்கிறது எப்படி: எல்லாரும் கேக்குற கேள்விகள்

திருவான்மியூர்ல எங்க ஃப்ளாட்ல ஆலன் கீ செட் (ஆறு மூலைக் குழி இருக்கிற போல்ட்டைத் திருப்புற சாவிகள்) வச்சிருக்கிற ஒரே ஆள் நான்தான், அதனால யார் சைக்கிள்ல எது ஆடினாலும் எங்க வீட்டு பெல்தான் அடிக்கும். ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல ஓட்டுற கும்பலும் டீக்கடைல நிக்கும்போது இதே சந்தேகத்தைத்தான் கேக்குது. பாதிக்கு மேல சீட் பத்தினதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு இங்க எழுதிட்டேன். சீட்டைத் தாங்கிக்கிட்டு ஃப்ரேமுக்குள்ள இறங்குற குழாயை கடைல சிலர் பில்லர்னு சொல்வாங்க, சிலர் சீட் பைப்னு சொல்வாங்க, நான் போஸ்ட்னே சொல்றேன். ஃப்ரேம்ல அதை இறுக்கிப் பிடிக்கிற வளையம் கிளாம்ப்.

சீட் ஹைட்டுக்கு எதுக்குங்க மார்க்கு? ஏறி உக்காந்தா தெரியாதா?

ரெண்டு செ.மீ. இறங்கினா தெரியும். அஞ்சு மி.மீ. இறங்கினா தெரியாது, உக்காந்த உடனே உடம்பு அதுக்கு அட்ஜஸ்ட் ஆயிடும். ஆனா முட்டிக்குத் தெரியும். நிமிஷத்துக்கு 80 தடவை மிதிக்கிறீங்கன்னா ஒரு மணி நேரத்துல 4800 தடவை அந்த முட்டி கொஞ்சம் அதிகமா மடங்கி நீளுது.

என் கதையே இதுதான். முன்னாடி பக்கம், முட்டிச் சிப்பிக்குக் கீழ ஒரு வலி. ஷூ மாத்தினேன், முட்டிக்கு மாட்டுற பெல்ட் வாங்கினேன், ரெண்டு வாரம் ஓட்டாம இருந்து பாத்தேன், திரும்ப ஏறினா திரும்ப வலி. ஒரு நாள் சைக்கிளைத் துடைக்கும்போது சீட்டை மேல இழுத்தா போஸ்ட்ல ஒரு வளையம் மாதிரி அழுக்குக் கோடு தெரியுது, அதாவது கிளாம்ப் முதல்ல நின்ன இடம். அதுலேருந்து ஒன்றரை செ.மீ. உள்ள போயிருக்கு! தினம் ஒரு துளி ஒரு துளியா இறங்கியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அன்னைக்கு போஸ்ட்ல அடையாளத்துக்கு ஒரு டேப் ஒட்டியிருந்தா அந்த பெல்ட் காசு மிச்சம்.

முதல்ல என் சரியான ஹைட் எதுன்னே தெரியாதே, எதை மார்க் பண்றது?

சுவத்துப் பக்கத்துல சைக்கிளை நிறுத்தி, ஒரு கையை சுவத்துல ஊனிக்கிட்டு சீட்ல உக்காருங்க. எப்பவும் எதைப் போட்டு ஓட்டுவீங்களோ, ஷூவோ செருப்போ, அதைப் போட்டுக்கிட்டு. குதிகாலை பெடல் மேல வச்சு கீழ கொண்டு போங்க, பெடல் அடில இருக்கும்போது கால் முழுசா நேரா நீளணும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அப்புறம் முன்பாதத்தை வச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கி இருக்கும். அவ்ளோதான், ஆரம்பிக்க இது போதும்.

கணக்கு வேணும்னா டூர் டி ஃபிரான்ஸ மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல ஒரு கணக்கு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. வெறுங்கால்ல சுவத்தோட ஒட்டி நின்னு, காலுக்கு நடுவுல ஒரு தடிப் புத்தகத்தை சீட் மாதிரி நல்லா மேல இழுத்துப் பிடிச்சு, தரைலேருந்து புத்தகத்தோட மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883ஆல பெருக்குங்க. 78 செ.மீ. வந்தா சீட் ஹைட் கிட்டத்தட்ட 68.9. இது வேதவாக்கு இல்ல, அங்கேருந்து மூணு மி.மீ. ஏத்தி, மூணு மி.மீ. இறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாத்துதான் முடிவு பண்ணணும். முடிவு பண்ணின அப்புறம்தான் மார்க்கு. தப்பான ஹைட்டை அழகா மார்க் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்கேருந்து எது வரைக்கும் அளக்கணும்? தரைலேருந்தா?

தரைலேருந்து வேண்டாம், டயர்ல காத்து இறங்கினா அளவு மாறும். பெடல் கட்டை ரெண்டும் சேர்ற இடத்துல, கிராங்க் சுத்துற அச்சோட நடு. அங்க அளவு டேப்போட நுனிய வச்சு, சீட் டியூப்பை (போஸ்ட் உள்ள இறங்குற ஃப்ரேம் பைப்) ஒட்டியே மேல கொண்டு போய் சீட்டோட மேல்பக்கம் வரைக்கும். இதான் உங்க நம்பர். ஃபோன்ல எழுதி வைங்க, அளவு டேப்போட சேர்த்து ஒரு ஃபோட்டோவும் எடுத்து வைங்க.

கூடவே ரெண்டாவதா ஒரு அளவு, கிளாம்ப்போட மேல் விளிம்புலேருந்து சீட்டுக்கு அடில ஓடுற கம்பி வரைக்கும். முதல் நம்பர் உங்க உடம்போடது, ஃப்ரேம் மாறினாலும் சீட் மாறினாலும் செல்லும். ரெண்டாவது அந்த சைக்கிளுக்கு மட்டும், ஆனா ரோட்டோரத்துல குனிஞ்சு பத்து செகண்ட்ல பாத்துடலாம்.

மார்க்கர்ல ஒரு கோடு போட்டா போதாதா? டேப் ஒட்டணுமா?

பர்மனன்ட் மார்க்கர்னு பேருதான் பர்மனன்ட், ஒரு மழை, நாலு நாள் வியர்வை, ஒரு தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போச்சு. கறுப்பு போஸ்ட்னா கோடு கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு, போஸ்ட் கீழ இறங்கினா அந்தக் கோடும் கிளாம்ப்புக்குள்ள போய் மறைஞ்சிடும், இறங்கிடுச்சுன்னு யார் சொல்றது?

எலக்ட்ரீஷியன் வச்சிருக்கிற இன்சுலேஷன் டேப்தான் என் ஓட்டு. போஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால நல்லா துடைங்க, கிரீஸ் இருந்தா ஒட்டாது. டேப்போட கீழ் விளிம்பு கிளாம்ப்போட மேல் விளிம்பைத் தொடுற மாதிரி வச்சு ஒன்றரை சுத்து சுத்துங்க, இழுக்காம, இழுத்து ஒட்டினா ரெண்டு நாள்ல நுனி சுருங்கிக் கிளம்பும். போஸ்ட் ஒரு மி.மீ. இறங்கினாலும் டேப் கிளாம்ப்ல முட்டி சுருக்கம் விழும், பாத்த உடனே தெரியும். மேல தூக்கினா இடைவெளி தெரியும். நெயில் பாலிஷும் நல்லாவே நிக்கும், ஆனா வீட்ல கேட்டுட்டு எடுங்க.

சில பேர் கேபிள் டையை இறுக்கிக் கட்டுறாங்க. அதுவும் ஓகே, ஆனா அது சீட்டைத் தாங்கும்னு நினைக்காதீங்க, எடையைத் தாங்குறது கிளாம்ப் மட்டும்தான்.

அண்ணா, பிளேடாலயோ அரத்தாலயோ லேசா கீறி விட்டா ஜென்மத்துக்கும் அழியாதே?

அழியாது தம்பி, ஆனா போஸ்ட் உடையிறதுன்னா அந்தக் கீறல்லதான் ஆரம்பிக்கும். கிளாம்ப் பக்கத்துலதான் போஸ்ட் அதிகமா வளையப் பாக்குது, ஒவ்வொரு பள்ளத்துலயும் மொத்த எடையும் அங்கதான் இறங்குது. அலுமினியம்ல அந்த இடத்துல கீறல் போடுறது, பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்க ஓரத்துல ஒரு வெட்டு விட்டிருப்பாங்க இல்ல, அதே வேலைதான்.

போஸ்ட்லயே கம்பெனி ஒரு கோடு போட்டிருக்கே, அந்த இடத்துல வச்சா சரியா?

ஐயோ, அது ஹைட் மார்க் இல்ல, எல்லை. சின்னக் கோடுகள் வரிசையா இருக்கும், பக்கத்துல மினிமம் இன்சர்ட்னு எழுதியிருக்கும். குறைஞ்சபட்சம் இது வரைக்கும் உள்ள இருக்கணும், இந்தக் கோடு வெளிய தெரியவே கூடாதுன்னு அர்த்தம். ஐஎஸ்ஓ 4210ங்கிற சர்வதேச சைக்கிள் தரப்படி போஸ்ட்டோட அடிமுனைலேருந்து குறைஞ்சது விட்டத்துல ரெண்டு மடங்கு தூரத்துல அந்தக் கோடு இருக்கணும், 27.2 மி.மீ. போஸ்ட்னா 54 மி.மீ. சுமார், 25.4னா 51.

கோடு வெளிய வந்தாதான் உங்களுக்கு ஹைட் சரியா வருதுன்னா நீளமான போஸ்ட் வாங்குங்க, 350 மி.மீ. இருந்தா 400. இல்ல, ஃப்ரேமே உங்களுக்குச் சின்னது. கோட்டைத் தாண்டி ஏத்தி ஓட்டினா போஸ்ட் வளையிறது ஒரு பக்கம், ஃப்ரேம்ல சீட் டியூப்போட மேல் பக்கம் விரிசல் விடும், அப்புறம் ஃப்ரேமைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சில போஸ்ட்ல 1, 2, 3ன்னு அளவுக் கோடு இருக்கும், அது வேற. அது இருந்தா உங்களுக்கு டேப் வேலையே மிச்சம், நம்பரை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

வீட்ல ஒரே சைக்கிள் சார், நான், வொய்ஃப், பொண்ணு மூணு பேரும் ஓட்டுறோம். மூணு டேப் ஒட்டலாமா?

இதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க, நானும் மாட்டினேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உயரமான ஆளுக்கு போஸ்ட் வெளிய நிறைய வரணும், அப்போ அவரோட மார்க் போஸ்ட்ல கீழ இருக்கும். குட்டையான ஆளுக்கு போஸ்ட்டை உள்ள தள்ளும்போது உயரமான ஆளோட டேப் கிளாம்ப்புக்குள்ள போகணும். போகாது. சிக்கும், பிசுக்காகும், பலமா தள்ளினா டேப் கசங்கி உள்ள போய் அப்புறம் போஸ்ட்டே வழுக்கும். அதனால டேப் ஒண்ணே ஒண்ணுதான், வீட்ல குட்டையான ஆளுக்கு மட்டும். அவங்க மார்க்தான் எல்லாத்துக்கும் மேல இருக்கும், அது எப்பவுமே உள்ள போகாது.

மத்தவங்களுக்கு? அந்த டேப்லேருந்து தூரம். எங்க வீட்ல பொண்ணு ஹைட்ல டேப் கிளாம்ப்பைத் தொடும், என் மனைவிக்கு டேப்புக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல 3.5 செ.மீ., எனக்கு 7 செ.மீ. ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் தேட முடியாதுன்னு ஐஸ் குச்சி ரெண்டை அந்த நீளத்துக்கு வெட்டி ஓரத்தைத் தேச்சு வச்சிருக்கேன். கிளாம்ப் மேல குச்சிய நிக்க வச்சு, அதோட தலை டேப்பைத் தொடுற வரைக்கும் சீட்டைத் தூக்கி லீவரை மூட வேண்டியதுதான், அரை நிமிஷம். முதல்ல குச்சில பேரோட முதல் எழுத்தை எழுதினேன், அப்பாவும் அ, அம்மாவும் அ, பொண்ணு சிரியோ சிரின்னு சிரிச்சா. இப்போ எனக்கு நீலம், அவங்களுக்கு சிவப்பு. ரெண்டையும் ஓட்டை போட்டு சைக்கிள் சாவியோடயே கோத்துட்டேன், இல்லன்னா தொலையும்.

இப்படிப் பண்றப்போ உயரமான ஆளோட ஹைட்ல அந்த எல்லைக் கோடு (மேல சொன்னேனே) வெளிய வருதான்னு ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம் இதெல்லாம் கையால திறக்கிற லீவர் கிளாம்ப் இருந்தாதான் சுகம், போல்ட் கிளாம்ப்னா தினம் மூணு தடவை ஆலன் கீ போட்டு யாரும் பண்ண மாட்டாங்க, கடைசில எல்லாரும் பொண்ணு ஹைட்லயே ஓட்டிட்டு முட்டிய பிடிச்சுட்டு உக்காருவாங்க.

பையனுக்கு ஸ்கூல்ல குடுத்த சைக்கிள், வளர்ற பையன், இதுக்கும் மார்க் வேணுமா?

பதினொண்ணாவதுல அரசு குடுக்கிற சைக்கிள்தானே? நிறைய வீட்ல அது குடுத்த அன்னைக்கு எந்த ஹைட்ல இருந்துச்சோ அதே ஹைட்லயே பையன் காலேஜ் போற வரைக்கும் ஓடுது. இவங்களுக்கு மார்க் போடுறது அங்கயே நிறுத்துறதுக்கு இல்ல, எவ்ளோ ஏத்தியிருக்கோம்னு தெரியுறதுக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை குதிகால் டெஸ்ட் பண்ணுங்க, ஏத்தின தேதிய எழுதி வைங்க.

இந்த மாதிரி சாதா சைக்கிள்ல ஒரு விஷயம், சீட்டைப் பிடிச்சிருக்கிற கிளிப் தனி நட்டு, அது லூசானா சீட்டோட மூக்கு மேல கீழ சாயும். போஸ்ட் மார்க் அப்படியே இருக்கும், ஆனா உக்கார்ற இடம் மாறிடும். அதனால முதல்ல அந்த ரெண்டு பக்க நட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிட்டு அப்புறம் அளங்க.

எவ்ளோ டைட் பண்ணாலும் சீட் இறங்குது ப்ரோ, மார்க் போட்டு என்ன யூஸ்?

இறங்குதுன்னு கண்டுபிடிச்சதே மார்க்கால தானே! சரி, வரிசையா பாருங்க. போஸ்ட்டை வெளிய எடுங்க, ஃப்ரேமுக்குள்ளயும் போஸ்ட்லயும் மண்ணு, பழைய கிரீஸ் எல்லாம் துடைங்க. உலோகத்துல உலோகம்னா மெல்லிசா கிரீஸ் தேவைதான், ஆனா மெல்லிசா, சப்பாத்திக்கு நெய் தடவுற மாதிரி இல்ல. கிளாம்ப் போல்ட்டோட மரைலயும் ஒரு துளி கிரீஸ் விடுங்க, மரை வறண்டு இருந்தா கைக்கு டைட்டான மாதிரி தெரியும், ஆனா கிளாம்ப் இறுகியிருக்காது. லீவர்னா பாதி மூடும்போதே கைக்கு எதிர்ப்பு தெரியணும், முழுசா மூடினா உள்ளங்கைல லீவரோட தடம் பதியணும். கிளாம்ப்ல 5 என்எம், 6 என்எம்னு (நியூட்டன் மீட்டர், எவ்ளோ இறுக்கலாம்ங்கிற அளவு) எழுதியிருந்தா அதுக்கு மேல போகாதீங்க.

இவ்ளோ பண்ணியும் இறங்குதுன்னா போஸ்ட் சைஸே தப்பு. போஸ்ட் சைஸ் 0.2 மி.மீ. படிப்படியா போகும், 27.2 வேண்டிய ஃப்ரேம்ல 27 போட்டுக் குடுத்திருப்பாங்க, கண்ணால பாத்தா தெரியாது. போஸ்ட்டோட அடில நம்பர் அடிச்சிருக்கும் பாருங்க. அவசரத்துக்கு கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி ஒரு சுத்து சுத்துவாங்க, டின் சுவர் 0.1 மி.மீ. சுமார் இருக்கும், ரெண்டு பக்கமும் சேர்ந்து 0.2 ஆயிடும், கணக்கு சரியாத்தான் வருது. ஆனா சரியான போஸ்ட் வாங்குறதுதான் வேலை.

சர்வீஸ் குடுத்து வாங்கினா சீட் எங்கயோ இருக்கு, ஒவ்வொரு தடவையும்!

அவங்க மேல தப்பில்ல. ஸ்டாண்ட்ல போஸ்ட்டைப் பிடிச்சுத்தான் சைக்கிளைத் தொங்க விடுறாங்க, பிடிக்க இடம் வேணும்னு சீட்டை ஏத்துவாங்க, முடிச்சதும் குத்துமதிப்பா இறக்குவாங்க. டேப் இருந்தா அவங்களே பாத்து வச்சுடுவாங்க. எனக்கு ஒரு தடவை போஸ்ட்டோட சேர்த்து டேப்பையும் பளபளன்னு துடைச்சுக் குடுத்துட்டாங்க, அன்னைக்கு ஃபோன்ல இருந்த நம்பர்தான் காப்பாத்திச்சு.

ஊருக்கு சைக்கிளைக் கொண்டு போறேன், போஸ்ட்டையே கழட்டணும். திரும்ப அப்படியே வருமா?

ஹைட் டேப்ல வந்துடும். ஆனா திசை? ஹைட்டை மட்டும் பாத்து மாட்டி, சீட் மூக்கு ரெண்டு டிகிரி இடப்பக்கம் திரும்பி இருந்தா அதுவும் ஒரு தொடையைத் தேய்க்கும். பின்னாடி நின்னு ஒரு கண்ணை மூடிக்கிட்டு சீட் மூக்கு மேல் பைப்புக்கு நேரா இருக்கான்னு பாருங்க. இல்ல டேப்லயே பின்பக்கம், கிளாம்ப்போட பிளவுக்கு நேரா ஒரு குத்துக்கோடு போட்டு வச்சுடுங்க.

கழட்டின அப்புறம் ஃப்ரேம் ஓட்டைல மண்ணு போகாம துணி அடைச்சு வைக்கலாம். திரும்ப மாட்டும்போது அந்தத் துணிய எடுக்கணும். சிரிக்காதீங்க, எடுக்காம போஸ்ட்டை மேலயே அடிச்சு இறக்கின ஆளு எங்க கும்பல்லயே இருக்கு, மார்க் வரைக்கும் போஸ்ட் போகவே மாட்டேங்குதுன்னு என்னைக் கூப்பிட்டாரு.

புது சீட் வாங்கி பழைய மார்க்லயே வச்சேன், ஆனா ஏதோ வித்தியாசமா இருக்கு?

போஸ்ட் மார்க்குக்கு சீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கம்பிலேருந்து மேல்பக்கம் வரைக்கும் ஒவ்வொரு சீட்டும் வேற உயரம், ஜெல் கவர் போட்டா இன்னும் கூடும், உக்காந்தா அது அமுங்கவும் செய்யும். முதல்ல சொன்ன அந்த கிராங்க் நடுலேருந்து மேல்பக்கம் வரைக்கும் உள்ள நம்பருக்கு வச்சுட்டு, டேப்பைப் பிச்சுப் புதுசா ஒட்டுங்க. ஷூ மாத்தினாலும் இதே கதைதான், மெல்லிசு செருப்புலேருந்து தடிச்ச ஷூவுக்குப் போனா காலே நீண்ட மாதிரி.

இன்னொரு சூட்சுமம். போஸ்ட் செங்குத்தா இல்ல, பின்னாடி சாஞ்சிருக்கு, நிறைய சைக்கிள்ல 73 டிகிரி பக்கம். அதனால சீட்டை 10 மி.மீ. ஏத்தினா கிட்டத்தட்ட 3 மி.மீ. பின்னாடியும் போகுது. நிறைய ஏத்தினீங்கன்னா ஹேண்டில் தூரமாயிட்ட மாதிரி தோணுறது இதனாலதான், கம்பில சீட்டை அந்த அளவு முன்னாடி நகத்திக்கலாம்.

கார்பன் போஸ்ட் வச்சிருக்கேன், இதுலயும் இதே மாதிரியா?

டேப் ஓகே, பிக்கும்போது மெதுவா. கீறல் சத்தியமா கூடாது. சாதா கிரீஸ் போடாதீங்க, கார்பன் பேஸ்ட்னு மணல் கலந்த மாதிரி நறநறன்னு ஒண்ணு விக்குது, அது குறைஞ்ச இறுக்கத்துலயே பிடிச்சுக்கும். எவ்ளோ இறுக்குறோம்னு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லாம தொடாதீங்க.

மார்க் எல்லாம் சரி, போஸ்ட் அசையவே மாட்டேங்குதே?

கடலோரம்தானே வீடு? ஸ்டீல் ஃப்ரேம்ல அலுமினியம் போஸ்ட், நடுவுல உப்புக் காத்தும் வியர்வையும் சேர்ந்தா ரெண்டு உலோகமும் அரிச்சுப் பிடிச்சுக்கும். ஒரே ஹைட்ல வருஷக்கணக்கா தொடாம ஓட்டுறவங்களுக்குத்தான் இது, மார்க் போட்டாச்சேன்னு நிம்மதியா விட்டுட்டவங்களுக்கும். கிளாம்ப்பை முழுசா கழட்டி, துரு இளக்குற ஆயில் ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல சீட்டைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பப் பாருங்க, மேல இழுக்காதீங்க, திரும்பினா தானா வரும். சுத்தியல் வேண்டாம். மூணு நாள் பாத்தும் வரலன்னா கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

எடுத்ததும் துடைச்சு, கிரீஸ் வச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துப் போடுங்க. டேப் இருக்கிறதால திரும்ப வைக்கிறது ஒரு வேலையே இல்ல.

மலை ஏறும்போது ஒரு ஹைட், இறங்கும்போது கீழ வேணும், நிறுத்தாம மாத்த முடியாதா?

அதுக்குத்தான் டிராப்பர் போஸ்ட், ஹேண்டில்ல பட்டனை அமுக்கி உக்காந்தா இறங்கும், எழுந்து அமுக்கினா பழைய ஹைட்டுக்கே வந்து நிக்கும். 1980கள்ல கலிஃபோர்னியால ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்செல்லும் ஹைட் ரைட்னு ஒரு ஸ்பிரிங் பண்ணாங்க, கிளாம்ப்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல மாட்டிட்டா லீவரைத் திறந்ததும் ஸ்பிரிங்கே சீட்டைப் பழைய இடத்துக்குத் தூக்கி விடும். நம்ம ஐஸ் குச்சிக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. ஈசிஆருக்கு ரெண்டுமே தேவையில்ல.

டேப் கிளாம்ப்பைத் தொட்டுட்டுத்தான் இருக்கு, ஆனா திரும்ப முட்டி வலி வந்துடுச்சு. எப்படி?

போன ஏப்ரல்ல மூணாவது மாடி மாமா இதைத்தான் கேட்டாரு. சுருக்கமே இல்ல, டேப் அழகா கிளாம்ப் மேல உக்காந்திருக்கு. ஃபோன்ல இருந்த அவரோட நம்பர் 70.5, அளந்தா 69.9. போஸ்ட் 6 மி.மீ. இறங்கியிருக்கு, சைக்கிள் பகல் முழுக்க மொட்டை மாடி வெயில்ல நின்னதால பசை இளகி, சுருங்க வேண்டிய டேப் அப்படியே வழுக்கி மேல ஏறியிருக்கு. சீட்டை மேல தூக்கி, டேப்புக்குக் கீழ இருந்த கறுப்புப் பசைத் தடத்தை நகத்தால சுரண்டிக் காட்டினேன். இப்போ மாசத்துல முதல் ஞாயிறு டேப்பைப் பாக்காம அளவு டேப் வச்சு அளக்குறாரு. உங்களுக்கு நம்பரும் சரியா வந்து இன்னும் வலின்னா, முன்னாடி வலிச்சா மூணு மி.மீ. ஏத்திப் பாருங்க, முட்டிக்குப் பின்னாடி இழுத்தா மூணு மி.மீ. இறக்குங்க, ரெண்டு வாரத்துல அடங்கலன்னா டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு என்கிட்ட ஆலன் கீ இல்ல.